ஜெட் தரவுத்தள இயந்திரத்தில் பாதுகாப்புக் குறைபாடு: ஆக்சஸ் நிறுவப்படாத கணினிகளுக்கும் ஆபத்து உண்டா?

வலைக்காவல் (கேள்வி)

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. அண்மையில் நடந்த பாதுகாப்புத் தணிக்கையின் அறிக்கையில் ஒரு குறிப்பு இருந்தது. விண்டோஸுடன் சேர்ந்தே வரும் ஜெட் தரவுத்தள இயந்திரத்தில் (தரவுத்தளக் கோப்புகளைப் படித்து எழுதும் கூறு), தாக்குபவர் தொலைவிலிருந்தே தம் நிரலை இயக்க இடம்கொடுக்கும் குறைபாடுகள் ஆண்டுதோறும் கண்டறியப்பட்டு வருகின்றனவாம். சிவிஇ-2018-8423 என்ற எண்ணை (அறியப்பட்ட குறைபாடுகளுக்கு வழங்கப்படும் பொது அடையாள எண்) எடுத்துக்காட்டாகக் கொடுத்து, ‘இந்தக் கூறு தேவைதானா என்று மதிப்பிடவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எப்படி மதிப்பிடுவது என்பதற்கு அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் நிலைமை இதுதான். மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள நிரலான ஆக்சஸ் எந்தக் கணினியிலும் நிறுவப்படவில்லை. ஆனால் விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்ட பழைய இருப்புக் கணக்கு நிரல் ஒன்று இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது; அது தன் தரவுகளை எம்டிபி கோப்பில் (ஆக்சஸின் தரவுத்தளக் கோப்பு வகை) வைத்திருக்கிறது. பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 10, 64 பிட். ஆய்வுக் கருவிகளோடு இணைக்கப்பட்ட சில கணினிகள் மட்டும் விண்டோஸ் 7இலேயே நின்றுவிட்டன. வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புகள் அனைத்தையும் ஃபயர்வால் தடுக்கிறது.

எனக்குப் புரியாதவை சில உள்ளன. ஆக்சஸ் இல்லாத கணினியில் ஜெட் எங்கிருந்து வந்தது? எந்தப் போர்ட்டும் திறந்திராதபோது தொலைவிலிருந்து எப்படித் தாக்க முடியும்? 64 பிட் கணினிகள் பாதுகாப்பானவை என்று ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெட்டின் டிஎல்எல் கோப்புகளை (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள்) அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடாதா?

நிரல்நேயன்

வணக்கம் நண்பரே. ஜெட் 1992இல் ஆக்சஸின் முதல் பதிப்போடு அறிமுகமானது. ஆனால் விண்டோஸ் 2000 முதல் அது இயங்குதளத்தின் ஓர் அங்கமாகவே வழங்கப்பட்டு வருகிறது. ஆக்சஸை நிறுவினாலும் நிறுவாவிட்டாலும், நீக்கினாலும், எம்எஸ்ஜெட்40.டிஎல்எல் என்ற கோப்பும் அதன் துணைக் கோப்புகளும் உங்கள் கணினியில் இருக்கும். ஆகவே உங்கள் கணினிகள் அனைத்திலும் இந்தக் கூறு இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

ஜெட் என்பது மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தளச் சேவையான எஸ்க்யூஎல் சர்வரைப் போல ஒரு போர்ட்டில் காத்திருந்து கோரிக்கைகளை ஏற்கும் சேவை அன்று. ஒரு நிரல் எம்டிபி கோப்பைத் திறக்க விரும்பும்போது, ஓஎல்இடிபி அல்லது ஓடிபிசி என்ற தரவு இணைப்பு இடைமுகங்களின் வழியாக ஜெட்டை அழைக்கிறது. உடனே ஜெட்டின் டிஎல்எல்கள் அந்த நிரலின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்பட்டு, அங்கிருந்தே கோப்பைப் படிக்கின்றன. எனவே தாக்குபவர் உங்கள் கணினியோடு இணைப்பு ஏற்படுத்த வேண்டியதில்லை. அவர் திரித்து உருவாக்கிய ஒரு கோப்பு, மின்னஞ்சல் வழியாகவோ பதிவிறக்கம் வழியாகவோ பொதுப் பகிர்வு வழியாகவோ உங்கள் பயனர் ஒருவரிடம் வந்து, அதை ஏதேனும் ஒரு நிரல் ஜெட்டிடம் கொடுத்துவிட்டால் போதும். உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கு இதில் வேலையே இல்லை. இந்த வகைக் குறைபாடுகளுக்கு, கடுமையைப் பத்துக்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பீட்டில் தாக்கும் வழி ‘உள்ளிடம்’ என்றும், ‘பயனரின் செயல் தேவை’ என்றும் குறிக்கப்படுவது இதனால்தான். தாக்குதல் வென்றால் விளைவு முழுமையானது என்று கொண்டு கணக்கிட்டால் மதிப்பெண் 7.8 வரும். மைக்ரோசாஃப்ட்டும் இவற்றைப் பெரும்பாலும் ‘மிகக் கடுமையானவை’ என்ற உச்ச வகையில் சேர்க்காமல், ‘முக்கியமானவை’ என்ற அடுத்த வகையில்தான் சேர்க்கிறது.

இனி சிவிஇ-2018-8423. குறைபாடுகளைத் திரட்டி நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் ட்ரெண்ட் மைக்ரோவின் ஜீரோ டே இனிஷியேட்டிவ் 2018 மே மாதம் இதை மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரிவித்தது. அவர்கள் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கெடு 120 நாள். கெடு கடந்தும், செப்டம்பர் மாதத் திருத்தங்களில் இதற்கான பேட்ச் இடம்பெறவில்லை. ஆயத்தமான திருத்தத்திலேயே ஏதோ சிக்கல் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. 2018 செப்டம்பர் 20 அன்று விவரங்களும் குறைபாட்டைச் செய்துகாட்டும் மாதிரி நிரலும் பொதுவில் வெளியிடப்பட்டன. ஸ்லோவேனியாவின் அக்ரோஸ் செக்யூரிட்டி நிறுவனம் நடத்தும் 0பேட்ச் சேவை, அதிகாரப்பூர்வத் திருத்தத்துக்குக் காத்திராமல், நினைவகத்திலேயே சில கட்டளைகளை மாற்றும் ஒரு நுண்திருத்தத்தை உடனே வழங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் திருத்தம் அக்டோபர் 9 அன்று வந்தது. அதை ஆராய்ந்த 0பேட்ச் குழுவினர், ஓட்டை முற்றிலும் அடைக்கப்படவில்லை, சுருக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று அறிவித்தார்கள். எஞ்சிய பகுதி 2019 ஜனவரித் திருத்தங்களில் சிவிஇ-2019-0579 என்ற தனி எண்ணோடு சரிசெய்யப்பட்டது. உங்கள் தணிக்கையாளர்கள் இந்த எண்ணையும் சேர்த்துக் குறிப்பிட்டிருக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் தேடி ‘அக்டோபர் பேட்ச் இருக்கிறது’ என்று நிம்மதியடைபவர்கள் இன்றும் உண்டு.

தொழில்நுட்ப அளவில் பார்த்தால், கோளாறு இன்டெக்ஸ்களை (தேடலை விரைவாக்கும் அட்டவணைச் சுட்டிகள்) கையாளும் பகுதியில் இருந்தது. எம்டிபி கோப்பில் ஒவ்வோர் அட்டவணைக்கும் எத்தனை இன்டெக்ஸ்கள், அவை எங்கே உள்ளன என்பன போன்ற எண்கள் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களைச் சரிபார்க்காமல் நம்பி, ஒதுக்கப்பட்ட இடையகத்தின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) எல்லையைத் தாண்டி எழுத ஜெட் இடம்கொடுத்துவிட்டது. எங்கே எழுதுவது, எதை எழுதுவது என்பதைக் கோப்பை உருவாக்கியவர் ஓரளவு தீர்மானிக்க முடிந்தால், நிரலின் போக்கையே அவரால் திருப்ப முடியும். அப்போது அவருடைய நிரல், கோப்பைத் திறந்த பயனருக்கு உள்ள அதே உரிமைகளோடு இயங்கும். நாள்முழுதும் நிர்வாகி கணக்கில் பணிபுரிபவர் அந்தக் கோப்பைத் திறந்தால் கணினி முழுவதும் போனது என்று பொருள். சாதாரணக் கணக்கென்றால் அந்தப் பயனரால் எட்ட முடிந்தவை மட்டும் போகும். அதுவே பெரும்பாலும் போதுமான இழப்புதான்.

குறைபாடு இருந்த கோப்பு எம்எஸ்ஆர்டி3எக்ஸ்40.டிஎல்எல் என்பதைக் கவனியுங்கள். இது ஜெட் 4இன் முதன்மைப் பகுதி அன்று. ஆக்சஸ் 95, 97 காலத்து ஜெட் 3 வடிவக் கோப்புகளைப் படிப்பதற்காக வைத்திருக்கும் துணைக்கூறு. ஜெட் 3 கோப்பில் ஒரு பக்கம் 2048 பைட்; ஜெட் 4இல் 4096 பைட். உள்ளமைப்பும் வேறு. இன்று அநேகமாக எவரும் புதிதாக உருவாக்காத ஒரு வடிவத்தைப் படிப்பதற்கான குறிமுறை ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் அழைத்தவுடன் எழுந்து நிற்கக் காத்திருக்கிறது. ஜெட்டில் ஏன் இத்தனை ஓட்டைகள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். 2019 ஜனவரித் திருத்தத் தொகுப்பில் மட்டும் ஜெட்டுக்கென்று பத்துக்கும் மேற்பட்ட எண்கள் இருந்தன. தாறுமாறான கோப்புகளைத் தானியங்கியாக உருவாக்கி ஊட்டிப் பார்க்கும் ஃபஸ்ஸிங் முறைக்கு இதைவிட வாகான இலக்கு கிடைப்பது அரிது.

64 பிட் பற்றிய கருத்து பாதி உண்மை. ஜெட் 4க்கு 64 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 64 பிட் நிரல் எதுவும் அதைத் தன் நினைவகத்துக்குள் ஏற்ற முடியாது. வெளியான மாதிரி நிரலைக்கூட 64 பிட் விண்டோஸில், 32 பிட் கோப்புகள் இருக்கும் சிஸ்வாவ்64 கோப்புறையில் உள்ள 32 பிட் ஸ்கிரிப்ட் இயக்கியைக் கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் தடையின்றி இயங்குகின்றன; உங்கள் இருப்புக் கணக்கு நிரலே அதற்குச் சான்று. 32 பிட் ஆஃபீஸ் நிறுவியிருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் சேரும்.

பழைய அட்மின்

இத்தனை அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. எம்டிபி இணைப்புகளை அவுட்லுக் பல ஆண்டுகளாகவே தடுத்து வருகிறது. மைக்ரோசாஃப்ட்டும் எம்டிபியை, நம்பத்தகாதவர் கொடுத்தால் திறக்கவே கூடாத கோப்பு வகையாகத்தான் நெடுநாள் கருதி வந்தது. மின்னஞ்சல் சர்வரிலும் ப்ராக்ஸியிலும் அந்த நீட்டிப்பைத் தடுத்து, மாதந்தோறும் பேட்ச் போட்டு வந்தால் நடைமுறையில் போதும். ஜெட்டுக்கு ‘சாண்ட்பாக்ஸ்’ என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். தணிக்கையாளர்கள் எண்களை அடுக்குவது எளிது. அந்தக் கூறை எடுத்துவிட்டால் நாளை எந்த நிரல் நின்றுபோகும் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லப் போவதில்லை.

தாரகை

பேட்ச் முறையாகப் போட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்ற இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

சாண்ட்பாக்ஸ் என்பது வேறு வகை ஆபத்துக்கான தடுப்பு. வினவல்களுக்குள் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளைகள்) ஷெல் போன்ற செயல்கூறுகளை எழுதி, அவற்றின் வழியாக இயங்குதளக் கட்டளைகளை ஓட்டுவதை அது தடுக்கிறது. நினைவகத்தின் எல்லை மீறி எழுதும் கோளாறு, வினவல் எதுவும் மதிப்பிடப்படுவதற்கு முன்பே, கோப்பின் அமைப்பைப் படிக்கும் கட்டத்திலேயே நிகழ்ந்துவிடும். அங்கே சாண்ட்பாக்ஸுக்கு இடமே இல்லை.

நீட்டிப்பைத் தடுப்பது பற்றி: 2008இல் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஜெட்டில் இருந்த ஓர் இடையக வழிவை (இடையகத்தின் எல்லை மீறி எழுதும் கோளாறு) குறிவைத்து, வேர்டு ஆவணங்களைக் கொண்டு சிலர்மீது உண்மையாகவே தாக்குதல் நடந்தது. பயனர் திறந்தது வேர்டு ஆவணம். அந்த ஆவணம் திரிக்கப்பட்ட தரவுத்தளக் கோப்பைத் தன் தரவு மூலமாகக் குறிப்பிட்டு, ஜெட்டைக் கொண்டு திறக்கச் செய்தது. எம்டிபி ஆபத்தான வகை, அதை யாரும் திறக்க மாட்டார்கள் என்ற அதுவரைக்குமான வாதம் அத்தோடு செல்லாததாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதம் 950627 என்ற எண்ணில் எச்சரிக்கை வெளியிட்டு, மே மாதம் எம்எஸ்08-028 என்ற திருத்தத்தை வழங்கியது. விஸ்டாவும் சர்வர் 2003இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கும் அந்தத் தாக்குதலிலிருந்து தப்பின. அவற்றில் ஏற்கெனவே புதிய ஜெட் பதிப்பு இருந்தது. அதாவது கோளாறு சரிசெய்யப்பட்ட டிஎல்எல் கையிலிருந்தும், பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கு அது போய்ச் சேரவில்லை. ‘இந்தக் கோப்பை எவரும் திறக்க மாட்டார்கள்’ என்ற அனுமானத்தின் மீது பாதுகாப்பைக் கட்டியதன் விளைவு அது.

ஜெட் ஒரு கோப்பின் பெயரைப் பார்த்து அதன் வகையை முடிவு செய்வதில்லை. இணைப்புச் சரத்தில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அந்தக் கோப்பைத் திறந்து தலைப்பகுதியைப் படிக்கிறது. சுழியிலிருந்து எண்ணினால் நான்காம் பைட்டிலிருந்து ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்ற பதினைந்து எழுத்து அடையாளம் இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு பைட்டில் வடிவப் பதிப்பு இருக்கும். அந்தப் பதிப்பைப் பார்த்துத்தான் ஜெட் 3க்குரிய துணைக்கூறை ஏற்றுவதா இல்லையா என்பது முடிவாகிறது. ஆகவே மின்னஞ்சல் வடிகட்டியில் நீட்டிப்புக்குப் பதிலாக, அல்லது அதனுடன் சேர்த்து, இந்த அடையாளத்தைத் தேடும் விதியை எழுதுங்கள். ஜெட்டுக்கு அடுத்ததாக ஆக்சஸ் 2007இல் வந்த ஏஸ் இயந்திரத்தின் கோப்புகளில் அந்த இடத்தில் ‘ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி’ என்று இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இதுவும் முழுமையான தடுப்பு அன்று. எக்செல், டிபேஸ், பாரடாக்ஸ், வெறும் உரைக் கோப்பு ஆகியவற்றைப் படிப்பதற்கும் ஜெட்டிடம் தனித்தனித் துணைக்கூறுகள் உள்ளன. அவற்றுக்கு இந்த அடையாளம் பொருந்தாது.

வலைக்காவல்

மூவருக்கும் மிக்க நன்றி. நான் நினைத்திருந்ததைவிட விரிவான பதில்கள். இரண்டு செய்திகளை முதலில் சொல்லாமல் விட்டிருந்தேன். அவற்றைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முதலாவது, உள் வலையமைப்பில் பழைய ஏஎஸ்பி பக்கங்களைக் (சர்வரில் இயங்கும் ஸ்கிரிப்ட் கொண்ட வலைப்பக்கங்கள்) கொண்ட ஒரு தளம், மைக்ரோசாஃப்ட்டின் வலைச் சர்வரான ஐஐஎஸ்ஸில் ஓடுகிறது. அதன் பின்னாலும் ஓர் எம்டிபி கோப்புதான் இருக்கிறது. அந்தக் கோப்பை நாங்களே வைத்திருக்கிறோம்; வெளியார் எவரும் அங்கே கோப்பு எதையும் ஏற்ற முடியாது. ஆகவே அதற்கு ஆபத்தில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் ஜெட்டைத்தான் பயன்படுத்துகிறது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் அதை இயக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டுமா?

நிரல்நேயன்

இரண்டாவது கேள்விக்கான விடை சிறியது. ஜெட் என்ற பெயரில் இரண்டு இயந்திரங்கள் உண்டு. ஆக்சஸின் வழிவந்தது ஜெட் ரெட். ஆக்டிவ் டைரக்டரியும் எக்ஸ்சேஞ்சும் பயன்படுத்துவது ஜெட் ப்ளூ. இன்று அது ஈஎஸ்இ என்று அழைக்கப்படுகிறது. இரண்டின் குறிமுறையும் கோப்பு வடிவமும் வேறு வேறு. நாம் பேசிவரும் குறைபாடுகள் ஜெட் ரெட்டைச் சேர்ந்தவை. ஆக்டிவ் டைரக்டரியின் தரவுத்தளத்தை அவை தொடுவதில்லை. டொமைன் கன்ட்ரோலரிலும் ஜெட் ரெட்டின் டிஎல்எல்கள் கிடக்கும் என்பது உண்மைதான், ஆனால் அங்கே அமர்ந்து எவரும் எம்டிபி கோப்புகளைத் திறக்கப் போவதில்லை. திறப்பவர் இருந்தால் உங்களுக்கு வேறு பெரிய பிரச்சினை இருக்கிறது.

முதல் கேள்விதான் என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. கோப்பு உங்களுடையது என்பதால் ஆபத்தில்லை என்ற முடிவு, ஜெட்டின் வினவல் மொழியை மறந்துவிட்டு எடுத்தது. ஜெட் எஸ்க்யூஎல்லில் ஓர் அட்டவணையைக் குறிப்பிடும் இடத்தில் வேறொரு தரவுத்தளக் கோப்பின் பாதையையே எழுதலாம். அந்தப் பாதை உங்கள் வட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வலையமைப்பில் உள்ள ஒரு பகிர்வின் முகவரியாகவும் இருக்கலாம். பழைய ஏஎஸ்பி பக்கம் ஒன்றில், படிவத்தில் வந்த எழுத்துகளை அப்படியே வினவலோடு ஒட்டும் வழக்கம் இருந்தால், அதில் எஸ்க்யூஎல் ஊடுருவல் செய்பவர் தம் கையிலிருக்கும் சர்வரின் பாதையை வினவலுக்குள் நுழைத்துவிடுவார். உங்கள் ஐஐஎஸ் தானே வெளியே சென்று, அவர் திரித்து வைத்திருக்கும் கோப்பை எடுத்துவந்து திறக்கும். கோப்பை ஏற்றும் வசதி தளத்தில் இல்லாதிருப்பது அவருக்குத் தடையே அன்று. அதோடு, இங்கே ‘பயனரின் செயல் தேவை’ என்ற நிபந்தனையும் மறைந்துபோகிறது. 7.8 என்ற மதிப்பெண்ணைப் போட்டவர்கள் கணினி முன் அமர்ந்து கோப்பைத் திறக்கும் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் போட்டார்கள்; உங்கள் சர்வருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இது என் கற்பனை இல்லை. பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வாளர்கள் 2021இல் இந்த வழியை ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். ஐஐஎஸ் மட்டுமன்றி எஸ்க்யூஎல் சர்வரையும் இதே வழியில் எட்டலாம் என்று காட்டினார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் தற்காலிகப் பகிர்ந்த வினவல்கள் (வெளியிலுள்ள தரவு மூலத்தை வினவலிலேயே குறிப்பிடுவது) என்ற வசதி இயல்பாக அணைந்திருக்கும். யாராவது வேலை எளிதாகட்டும் என்று அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இதையடுத்து, தொலைவிலுள்ள தரவுத்தளங்களை வினவலில் குறிப்பிடுவதையே முடக்கும் ஒரு ரிஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) அமைப்பை மைக்ரோசாஃப்ட் ஜெட் ரெட்டுக்கும் ஏஸுக்கும் சேர்த்து வழங்கியது. மதிப்பின் பெயர் ‘அலோ க்வெரி ரிமோட் டேபிள்ஸ்’. உங்கள் ஏஎஸ்பி தளம் தன் வட்டிலுள்ள ஒரே கோப்பை மட்டும் பயன்படுத்துகிறது என்றால், இதைச் சுழியாக வைப்பதில் எந்த இழப்பும் இல்லை. இன்றே செய்யலாம்.

அதே சர்வரிலிருந்து வெளியே செல்லும், கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டையும் மூடுங்கள். உள்ளே வருவதைத் தடுப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட வெளியே செல்வதில் காட்டுவதில்லை. பகிர்வு வழி அடைபட்டால் வெப்டாவ் (வலை இணைப்பின் மீது கோப்புகளை எடுக்கும் முறை) வழியாக முயலும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. ஆகவே வெப்கிளையன்ட் சேவையையும் சர்வரில் நிறுத்திவிடுவது நல்லது. வினவல்களில் அளவுருக்களைப் பயன்படுத்தும்படி பக்கங்களைத் திருத்துவதுதான் மூலத்தையே அடைக்கும் வழி. எத்தனை பக்கங்கள் உள்ளன என்பதைப் பொறுத்து அதற்கு நாள் ஆகலாம். எம்டிபிக்குப் பதிலாக வேறொரு தரவுத்தளத்துக்கு மாறும் திட்டம் இருந்தாலும், இந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஊடுருவும் ஓட்டை புதிய தரவுத்தளத்துக்கும் கூடவே வரும்.

பழைய அட்மின்

சர்வர் பக்கம் இத்தனை திறந்திருக்கிறது என்றால் நிரல்நேயன் சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள். டிஎல்எல்லை அழிப்பது பற்றிய கேள்வி மட்டும் பதிலின்றி நிற்கிறது. அதற்கு நான் சொல்கிறேன்.

அழிக்காதீர்கள். இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளில் அதுவும் ஒன்று. அதன் உரிமை விண்டோஸின் உள்கணக்கான ட்ரஸ்டட் இன்ஸ்டாலரிடம் இருக்கும். உரிமையைப் பிடுங்கி அழித்தாலும், கோப்புச் சரிபார்ப்புக் கருவியை ஒருமுறை ஓட்டினால் திரும்பி வந்துவிடும். மாதாந்திரத் தொகுப்புத் திருத்தமும் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். நீங்கள் அழித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள், அதுவோ மீண்டும் அங்கே இருக்கும்.

2008 எச்சரிக்கையில் மைக்ரோசாஃப்ட்டே சொன்ன தற்காலிக வழி வேறு: எம்எஸ்ஜெட்40.டிஎல்எல் கோப்பின் அணுகல் பட்டியலில் அனைவருக்கும் அனுமதி மறுப்பது. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் எந்த நிரலாலும் ஏற்ற முடியாது. ஜெட்டை நம்பியிருக்கும் நிரல்கள் நின்றுபோகும் என்பதையும் அதே எச்சரிக்கையில் எழுதியிருந்தார்கள். 64 பிட் விண்டோஸில் இதைச் செய்பவர்கள் சிஸ்டம்32 கோப்புறையில் தேடி ஏமாற வேண்டாம். கோப்பு சிஸ்வாவ்64இல் இருக்கும். திருத்தம் வந்து கோப்பை மாற்றும்போது அணுகல் பட்டியலும் பழையபடி ஆகிவிடலாம் என்பதால், குழுக் கொள்கையின் வழியாக அதை மீண்டும் மீண்டும் நிலைநிறுத்தும்படி அமைக்க வேண்டும்.

இதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கணினிகளில் எந்த நிரல் உண்மையில் ஜெட்டை ஏற்றுகிறது என்று தெரியாமல் எதையும் முடக்காதீர்கள். கணினியின் செயல்களைப் பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்மான் கருவியில் நிகழ்வு எண் 7, ஒரு நிரல் எந்த டிஎல்எல்லை ஏற்றியது என்பதைப் பதிவு செய்யும். எம்எஸ்ஜெட்40.டிஎல்எல்லுக்கு மட்டும் வடிகட்டி வைத்து, மாத இறுதிக் கணக்கு முடிப்பும் அடங்கும் அளவுக்கு ஓடவிடுங்கள். நாம் மறந்தே போன அறிக்கை நிரல் ஒன்று மாதத்தில் ஒரு நாள் மட்டும் எழுந்து ஜெட்டை அழைப்பது இப்படித்தான் தெரியவரும்.

விண்டோஸ் 7 கணினிகளைப் பொறுத்தவரை, அவற்றுக்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அதன்பின் ஜெட்டில் கண்டறியப்பட்ட எதற்கும், கூடுதல் ஆதரவுக்குப் பணம் கட்டாதவர்களுக்குத் திருத்தம் வரவில்லை. ஆய்வுக் கருவிக்காக மாற்ற முடியாது என்றால், மின்னஞ்சலும் இணையமும் அங்கே இருக்கவே கூடாது. அந்தக் கணினிகளில் ஜெட்டை எந்த நிரலும் அழைக்கவில்லை என்று பதிவுகள் காட்டினால், அனுமதி மறுக்கும் வழியை முதலில் அங்கேதான் செய்வேன்.

வலைக்காவல்

இப்போது தெளிவாகிறது. சிஸ்மான் பதிவை நாளை தொடங்குகிறேன். ரிஜிஸ்ட்ரி அமைப்பையும் 445ஐயும் இன்று மாலையே முடித்துவிடுவேன். ஏஎஸ்பி பக்கங்களில் ஒட்டு வினவல்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. எங்கள் இருப்புக் கணக்கு நிரலின் கோப்பு இன்னும் ஆக்சஸ் 97 வடிவத்தில்தான் இருக்கிறது. அதை ஜெட் 4 வடிவத்துக்கு மாற்றிவிட்டால், அந்த எம்எஸ்ஆர்டி3எக்ஸ்40.டிஎல்எல் பற்றிய கவலை நீங்கிவிடும் அல்லவா?

தாரகை

மாற்றுவதால் மட்டும் நீங்காது. உங்கள் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத் தாக்குபவர் பொருட்படுத்தப் போவதில்லை. அவர் அனுப்பும் கோப்பின் தலைப்பகுதியில் ஜெட் 3 என்று இருந்தால், அதைப் படிக்கும் கூறு உங்கள் கணினியில் இருக்கும்வரை ஜெட் அதை ஏற்றிவிடும்.

ஆனால் மாற்றிய பிறகு அந்தக் கூறு உங்களுக்குத் தேவையற்றதாகிவிடும் என்பதால், அணுகல் பட்டியலில் அனுமதி மறுக்கும் வழியை எம்எஸ்ஜெட்40க்குச் செய்யாமல் எம்எஸ்ஆர்டி3எக்ஸ்40க்கு மட்டும் செய்யலாம். ஜெட் 2 வடிவத்தைப் படிக்கும் எம்எஸ்ஆர்டி2எக்ஸ்40க்கும் அவ்வாறே செய்யலாம். ஜெட் 4 கோப்புகளுக்கு முதன்மைப் பகுதியே போதும். இருப்புக் கணக்கு நிரல் வழக்கம்போல் ஓட வேண்டும். பழைய வடிவக் கோப்பு வந்தால் திறக்காமல் பிழைச் செய்தி தரும். நமக்கு வேண்டியதும் அதுதான். விஷுவல் பேசிக் 6 நிரலில், ஜெட்டை அழைக்க உதவும் டிஏஓ நூலகத்தின் 3.5 பதிப்பைப் பயன்படுத்தியிருந்தால் அது ஜெட் 4 வடிவத்தைப் படிக்காது, டிஏஓ 3.6க்கு மாற்றி நிரலை மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் மூல நிரல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கோப்பின் நகல் ஒன்றை மாற்றி, தனியான சோதனைக் கணினியில் இந்த இரண்டு டிஎல்எல்களையும் முடக்கிவிட்டு, மாத இறுதிக் கணக்கு வரை எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.